பெட்டிக்கு முகம் வரைந்தவர்கள்

(தோட்டப்புற வாழ்வு பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் தோட்டத்துக் கோயிலைப் பற்றிப் பேசினார்கள். தமிழ்ப்பள்ளியைப் பற்றிப் பேசினார்கள். சம்பளப் போராட்டத்தைப் பற்றியும் பேசினார்கள். எல்லாம் பெரிய விஷயங்கள். நான் கொண்டு வந்திருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புப் பெட்டி. மேசை மேல் வைக்கிறேன். படம் பிடிக்கும் தம்பி கொஞ்சம் கிட்டத்தில் காட்டினால் நல்லது.

மூன்று அங்குல நீளம், மூன்று அங்குல அகலம். வீட்டுச் சுவரில் மின்சார சுவிட்ச் வைப்பதற்காகப் பதிப்பார்களே, அந்த இரும்புப் பெட்டிதான். அதன் திறந்த வாயை மூடியிருப்பது ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் இரண்டு திருகு குமிழ்கள், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். ஒரு மூலையில் தோகை விரித்த மயில். கீழே ‘உறுமி’ என்று மூன்றெழுத்து. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘பத்தாங் பெர்ஜுந்தை 1986’.

இது கித்தார் வாசிப்பவர்கள் வைத்துக் கொள்ளும் பெடல். கித்தாரிலிருந்து வரும் கம்பி ஒரு பக்கம் நுழையும். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பி மறுபக்கம் வெளியேறும். நடுவில் உள்ள சுவிட்சை மிதித்தால், அதுவரை கணீர் என்று கேட்ட கித்தார் புலி மாதிரி உறுமும். மறுபடி மிதித்தால் சாதுவாகிவிடும். கடையில் வாங்கியதல்ல. என் பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன், தன் கையால் செய்தது. அவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகவே அண்ணன் என்றே சொல்கிறேன்.

இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்பீர்கள். என் வீட்டிலேயே கேட்டார்கள்.

கோல சிலாங்கூர் வட்டாரத்து வரலாறு என்று புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருவது துரைமார்களின் பெயர்கள்தான். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து, நம் வட்டாரத்தில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தைத் திறந்தார். 1911, 1912 ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வந்த செம்பனை விதைகள் அங்கே முளைத்தன. எதற்காக நட்டார்கள் தெரியுமா? அழகுக்கு! சாலையோரத்தில் நிழலும் தோற்றமும் தரும் மரமாக. எண்ணெய் எடுக்கலாம் என்ற கணக்கு அப்புறம்தான் வந்தது. 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமாரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காக நட்டார்கள். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். நாடு முழுவதும் பரவிய ஒரு பெரும் தொழில் முதலில் அலங்காரமாகத்தான் இங்கே வந்தது என்பதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அலங்காரம் என்றால் வெட்டி வேலை என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் துரை பிற்பாடு மலாயா வாழ்வை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோங்கூர் பரிசையும் வாங்கினார்.

துரை பெயர் இருக்கிறது. கம்பெனி பெயர் இருக்கிறது. மரம் நட்டவன், காடு வெட்டியவன், பால் எடுத்தவள் பெயர் எங்கே இருக்கிறது? செக்ரோலில் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில் கூப்பிடுவதற்காக இருந்தது. சம்பளம் பிடிப்பதற்காக இருந்தது. ஒருவர் தானே விரும்பி, தான் செய்த ஒரு பொருளின் மேல் தன் ஊரையும் தான் வைத்த பெயரையும் பொறித்துக் கொள்வது தோட்டத்தில் அபூர்வம். அதனால்தான் இந்தத் தகட்டைக் கொண்டு வந்தேன்.

பேர் வெட்டிய பாத்திரம்

அபூர்வம் என்றேனே தவிர, நமக்குப் புதிது என்று சொல்லவில்லை. உங்கள் பாட்டி வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பிலோ அடியிலோ புள்ளி புள்ளியாக எழுத்து இருக்கும். பாத்திரக் கடைக்காரர் சின்ன உளியை வைத்துச் சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டி, சில நிமிடத்தில் பேர் வெட்டிக் கொடுத்துவிடுவார். கலியாணச் சீர் என்றால் பெண்ணின் பெயரோ, கொடுத்தவர் பெயரோ இருக்கும். பந்திக்கு இரவல் போன அண்டா சரியாக வீடு திரும்புவதற்கு அந்தப் புள்ளிகள்தான் சாட்சி. இப்போது மின்சாரக் கருவியால் பொறிக்கிறார்கள். காரியம் அதேதான்.

எங்கள் பாட்டி 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அதற்கு மறு வருடம், 1938-இல், கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. அவர் கொண்டு வந்த தகரப் பெட்டியில் இரண்டு சேலை, ஒரு செம்பு, ஒரு பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில் அவர் பெயர் வெட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, அந்தப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்து ‘இது என் பேரு’ என்று எங்களுக்குக் காட்டுவார். தாம்பாளத்தைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன்.

இசைக் கருவிக்கு முகம் செய்யும் பழக்கமும் நம்மிடம் உண்டு. தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்து செய்வது. நாதத்துக்கு அது போதும். ஆனால் மேல் பலகையின் ஓரம் முழுக்கப் பூ வேலை, தண்டின் முனையில் யாளி முகம். ஒரு காலத்தில் தந்தத்திலும் மான் கொம்பிலும் செய்தார்கள். தந்த வியாபாரத்துக்குத் தடை வந்த பிறகு பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். பிளாஸ்டிக் ஆனாலும் பூ வேலையை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த அலங்காரம் இல்லாத வீணையை நம் மனம் வீணையாக ஏற்பதில்லை.

சரி, பெடலுக்கு வருவோம்.

இந்த உறுமல் பிறந்ததே ஒரு பழுதில்தான். 1960-இன் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகருக்குப் பாட்டு பதிவு செய்து கொண்டிருந்தார்கள். ஒலிப்பதிவு மேடையில் ஒரு பகுதி கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த கித்தார் கரகரவென்று விழுந்தது. தூக்கி எறியாமல் அப்படியே வைத்துக் கொண்டார்கள். 1961-இல் அந்தப் பாட்டு வெளிவந்து பெயர் வாங்கியது. கெட்டுப்போன கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க முடியுமா என்று ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி யோசித்தார். 1962-இல் கிப்சன் கம்பெனி ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. முதலில் சரியாகப் போகவில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரு பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகு கடையில் ஒன்று மிச்சமில்லை.

உள்ளே நடப்பது ரொம்ப எளிது. கித்தார் ஒலியை அலை என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை டிரான்சிஸ்டர் அளவுக்கு மீறிப் பெருக்குகிறது. தாங்க முடியாத உயரம் வந்ததும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படுகிறது. அந்த வெட்டுத்தான் உறுமலாகக் கேட்கிறது. 1966-இல் லண்டனில் வந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலைத் திறந்தால் இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு குமிழ். அவ்வளவுதான். ரேடியோ ரிப்பேர் தெரிந்த யாரும் ஒரு மாலையில் செய்துவிடலாம். அந்தப் பெடலின் உடம்பு வட்டமாக இருக்கும்; மைக் ஸ்டாண்டின் அடிப்பாகத்தைப் பார்த்து அப்படிச் செய்தார்களாம். இரண்டு குமிழ் கண் மாதிரி, கீழே வளைந்த எழுத்து வாய் மாதிரி இருப்பதால் முகம் என்றே பெயர். பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். ‘பாஸ்’ கம்பெனி 1977-இல் மஞ்சள் நிறத்தில் ஒரு பெடல், மறு வருடம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெடல் என்று விட்டது. இருட்டு மேடையில் குனிந்து பார்த்தால் நிறத்தை வைத்தே எது எது என்று தெரிந்துவிடும். முகப்பு என்பது வாசிப்பவனின் காலுக்கு வழிகாட்டி.

மின்சாரம் நேரம் பார்த்து வந்த லயத்தில்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்தில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. மாலையில் வரும், இரவு பத்து மணிக்கு மேல் போய்விடும். தோட்ட வீடுகளுக்கு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கொடுத்தே ஆக வேண்டும் என்று விரிவான சட்டம் வந்தது 1990-இல்தான். அதுவரை ரேடியோவுக்கு பேட்டரிதான் தெய்வம். அந்த ரேடியோவில் தமிழ்ப் பாட்டு கேட்டுத்தான் அண்ணன் தலைமுறை கித்தார் மேல் ஆசை வைத்தது. 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தபோது, அதில் ஆர். சந்திரசேகர் வாசித்த கித்தாரைக் கேட்டு எத்தனை பேர் விரல் தேய்ந்தார்கள் என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள். நம் நாட்டிலேயே பினாங்கில் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் ‘எல்லிகேட்ஸ்’ குழுவை வைத்து, மலாய்ப் பாட்டில் நாடே திரும்பிப் பார்க்கும்படி நின்றார்கள். நம்ம பையன்களால் முடியும் என்பதற்கு அவர்கள் கண்முன் உதாரணம்.

அண்ணன் கோல சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு சீனர் கடையில் டிவி ரிப்பேர் கற்றுக் கொண்டிருந்தார். அப்பா அம்மா இருவரும் மரம் சீவுகிறவர்கள். ஜப்பான் பெடல் வாங்குவது நடக்காத காரியம். ஆனால் பஸ் ஏறி கோலாலம்பூர் போனால் ஜாலான் பாசாரில் டிரான்சிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பழைய பெடல்களில் இருந்தது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அது சூடு ஏறினால் குணம் மாறும். குளிர் நாட்டுக்கு ஒத்துவரும். பத்தாங் பெர்ஜுந்தை வெயிலில் மத்தியானம் ஒரு சத்தம், ராத்திரி ஒரு சத்தம். ஆகவே அண்ணன் சிலிக்கனுக்கு மாறினார். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ஜெனரேட்டரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். துணுக்குகளை இணைப்பதற்குப் பற்றவைக்கும் ஈயம் இருக்கிறதே, அதில் 100-க்கு 60 பங்குக்கு மேல் வெள்ளீயம், மிச்சம் காரீயம். 183 பாகை வெப்பத்தில் உருகிவிடும். அந்த வெள்ளீயம் எங்கிருந்து வந்தது? பத்தாங் பெர்ஜுந்தையில் ஈயக்கப்பல்கள் இரவு பகலாகக் கத்திக் கொண்டு குளத்தைத் தோண்டியது எங்கள் ஊரார் எல்லாருக்கும் நினைவிருக்கும். நம் ஊர் மண்ணில் எடுத்த ஈயம் உலகத்துக்கே போயிற்று. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை கவிழ்ந்தது. விலை பாதியாக விழுந்தது. கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணன் பெட்டி செய்தது அதற்கு அடுத்த வருடம். ‘ஊரெல்லாம் ஈயம், என்கிட்ட ஒரு சுருள் வாங்கக் காசில்லே’ என்று இன்றும் சிரிப்பார்.

மயில் பிறந்த கதை

சுற்று வேலை இரண்டு நாளில் முடிந்தது. சத்தமும் நன்றாகவே வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். திறந்த வாயை ஒரு தகர மூடியால் அடைத்து, மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தாலும் வேலை நடந்திருக்கும். மாரியம்மன் திருவிழாவில் முதல் தடவை மேடையேறப் போகிறோம், தகர மூடியோடு போவதா என்று அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. குழுவில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்களாம். மிதிக்கிற சாமானுக்கு எதற்கு முகம் என்று.

அண்ணன் கண் போனது பாட்டியின் தாம்பாளத்தின் மேல். அது விளிம்பில் விரிசல் விட்டு, பரணில் கிடந்தது. கேட்காமல் எடுத்தார். பின்கட்டில் உட்கார்ந்து தகரக் கத்திரியால் மூன்று சதுரம் வெட்டினார். ஒன்று வீணானால் இன்னொன்று இருக்கட்டும் என்ற கணக்கு.

தகட்டில் மயில் எப்படி வந்தது? கேட்டுக் கொள்ளுங்கள், இன்றும் செய்யலாம். தகட்டைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, கைரேகை கூடப் படாமல் துடைக்க வேண்டும். மேலே நகப்பூச்சைப் பூசிக் காயவிட வேண்டும். அக்காவின் நகப்பூச்சு இரண்டு புட்டி அதில் போனது. காய்ந்ததும் ஊசியால் படத்தைக் கீற வேண்டும். கீறிய இடத்தில் மட்டும் பித்தளை தெரியும். பிறகு ரேடியோக்காரர்கள் சர்க்யூட் பலகை அரிக்கப் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் தகட்டைப் போட வேண்டும். தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். துணியில் பட்டால் கறை போகவே போகாது, கண்ணில் படவே கூடாது. கையுறை கட்டாயம். உலோகப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரத்தையே தின்றுவிடும், பிளாஸ்டிக் தட்டுதான் வேண்டும். பூச்சு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, கீறிய கோட்டை மட்டும் அது அரித்துப் பள்ளமாக்கும். எடுத்துக் கழுவி, பள்ளத்தில் கறுப்புச் சாயம் தேய்த்து, மேலே உப்புத்தாள் போட்டால் கோடுகள் பளிச்சென்று நிற்கும். மீண்டும் கறுக்காமல் இருக்க மேலே வார்னிஷ்.

முதல் தகடு கெட்டது. காரணம் நம் தமிழ் எழுத்து! ஆங்கில எழுத்து பெரும்பாலும் நேர்க்கோடு. நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். மருந்து நேராகக் கீழே மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். ‘று’வின் அடியில் வளைந்து திரும்பும் இடமும், ‘மி’யின் தலைக் கொக்கியும் பொடியாக எழுதினால் நடுவில் இருக்கும் துளி இடம் அரித்துப்போய் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். ‘உறுமி’ என்பது ‘உ’வும் இரண்டு கரும்புள்ளியுமாக வந்தது. இரண்டாவது தகட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார். மயில் சிறிதானது. நீங்கள் பார்க்கும் இந்த மயில் கொஞ்சம் ஒடுங்கி நிற்பதற்குக் காரணம் அதுதான். எழுத்துக்கு இடம் விட்டு நிற்கிறது.

பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். ‘இங்கிலீஷ்ல ஃபஸ்னு போட்டா யாருக்குப் புரியும்? நம்ம கோயில்ல உறுமி அடிச்சா வருமே, அந்தச் சத்தம்தானே இது’ என்றார். தோலை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் உறுமியின் முனகலும், டிரான்சிஸ்டர் எழுப்பும் முனகலும் காதுக்கு உறவுதான். இரண்டு குமிழுக்கும் ‘சத்தம்’, ‘கரகரப்பு’ என்று எழுதியிருக்கிறார் பாருங்கள்.

திருவிழா அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மேடையேறி, கம்பியை மாட்டி, முதல் மிதி. உறுமல் வரவில்லை. ‘ம்ம்ம்ம்’ என்று ஜெனரேட்டர் இரைச்சல்தான் ஒலிபெருக்கி முழுக்க. கீழே இருந்து ஒருவர் ‘தம்பி, மாட்டு லோரியா ஓட்டுறீங்க?’ என்று கேட்டாராம். அழகு செய்த வினை அது. பெட்டி முழுக்க உள்ளும் புறமும் எனாமல் பூசியிருந்தார், தகட்டின் இரு பக்கமும் வார்னிஷ். இரும்புப் பெட்டி எதற்கு? வெளி இரைச்சல் உள்ளே நுழையாமல் தடுக்கத்தானே. அதற்குப் பெட்டியின் உலோகம் கம்பி செருகும் துளையின் உலோகத்தோடு தொட்டுக் கொண்டிருக்க வேண்டும். நடுவில் சாயம் புகுந்துவிட்டால் தொடர்பு அறுந்து, பெட்டியே இரைச்சலைப் பிடிக்கும் ஏரியலாகிவிடும். அண்ணன் மேடைக்குப் பின்னால் ஓடி, பெரியப்பாவின் மரம் சீவும் கத்தியை வாங்கி, துளையைச் சுற்றியும் மூடி உட்காரும் விளிம்பிலும் சாயத்தைச் சுரண்டி எடுத்தார். பால்மரத்தின் பட்டையை மரத்துக்குக் காயம் படாமல் சீவுகிற கத்தி. எனாமலைச் சீவ அதைவிட என்ன வேண்டும்? மூடியைத் திருப்பி மாட்டினார்கள். இரைச்சல் அடங்கியது. இரவு பன்னிரண்டு வரை வாசித்தார்கள். சுரண்டிய தழும்பு இதோ, இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

மறுநாள் காலையில் பாட்டிக்கு விஷயம் தெரிந்தது. தாம்பாளம் போனதற்காக அவர் சத்தம் போடவில்லை. மயிலைப் பார்த்தார். ‘என் பேரு எங்கே?’ என்று மட்டும் கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை. பாட்டி அதன் பிறகு நாலைந்து நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது வேலை எவ்வளவோ சுலபம். லேசர் அச்சில் படத்தை எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தகட்டில் ஒட்டி, பிறகு அரிக்கலாம். (அச்சடிக்கும்போது கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி அச்சடிக்க மறக்கக் கூடாது. நான் ஒரு முறை மறந்து, என் பெயரை வலமிருந்து இடமாகப் பொறித்துக் கொண்டேன்.) தண்ணீரில் நழுவி ஒட்டும் படத்தாள் இருக்கிறது. அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் அச்சிட்டு வைக்கிறார்கள். வார்ப்பு அலுமினியப் பெட்டி, நாலரை அங்குலத்துக்கும் குறைவான நீளம், உலகமெங்கும் ஒரே அளவில் கிடைக்கிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: அலுமினியத்தை ஃபெரிக் குளோரைடில் போட்டால் கொதித்து நுரைத்துப் பொங்கும், புகையும் வரும். கரைசலில் நிறையத் தண்ணீர் கலந்து, வெளியே வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துக் கழுவ வேண்டும். கோப்பைக் கடைகளில் பந்து விளையாட்டுக் கேடயத்துக்குப் பெயர் பொறிப்பார்களே, அவர்களிடம் கொடுத்தாலும் சுத்தமாகச் செய்து தருவார்கள். ரொம்பச் சுத்தமாக இருக்கும். அதுதான் எனக்கு அதில் குறை.

அண்ணனின் குழு நாலைந்து வருடம் ஓடியது. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் என்று தோட்டத் திருவிழாக்களில் வாசித்தார்கள். பிறகு கீபோர்டு வந்தது. ஒரே ஆள் எல்லாச் சத்தத்தையும் கொடுத்துவிடுவார், கித்தார்காரனுக்கு வேலை குறைந்தது. அதற்கும் பெரிய காரணம் தோட்டம் கைமாறியது. பையன்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். லயம் இடிந்தது. திருவிழா மேடை போட்ட திடலில் இன்று செம்பனை நிற்கிறது. ஊர்ப் பெயர் கூட மிஞ்சவில்லை. 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பேருந்துப் பலகையிலும் சாலைப் பலகையிலும் புதுப் பெயர்தான். இந்த மூன்றங்குலத் தகடு மட்டும் பழைய பெயரையே சொல்லிக் கொண்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்த நிகழ்ச்சிக்காகப் பெட்டியைக் கேட்டு வாங்கியபோது சத்தம் வரவில்லை. பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பிடித்திருந்தது. துடைப்பதற்காக நாலு ஆணியையும் கழற்றித் தகட்டைத் திருப்பினேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக யாரும் பார்க்காத பக்கம். மருந்து பின்பக்கத்தை அரித்துவிடாமல் இருக்க அண்ணன் அங்கே மெழுகுவத்தியை உருக்கி ஊற்றியிருக்கிறார். பிற்பாடு பூசிய வார்னிஷும் மெழுகின் மேல்தான் இருந்தது. மெழுகைச் சுரண்டினேன். புள்ளி புள்ளியாக எழுத்து. ‘ம்மாள்’ என்று பெயரின் கடைசிப் பகுதி, சதுரத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. மேசை மேல் திருப்பி வைக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: மூன்று தகடு வெட்டியதில் கெட்டுப்போனது ஒன்று, இது ஒன்று. மூன்றாவதை வைத்து இன்னொரு உறுமி செய்து, 1988 வாக்கில் சபாக் பெர்ணம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கித்தார்காரருக்கு முப்பது வெள்ளிக்கு விற்றாராம். அதில் மயில் இல்லை, வேல் இருக்கும் என்கிறார். பாட்டி பெயரின் முதல் பாதி அதன் முதுகில் இருக்க வேண்டும்.

அந்தப் பெட்டி உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய கித்தார்ப் பையிலோ கிடந்தால், நாலு ஆணியைக் கழற்றித் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். விலை கொடுத்து வாங்க வரவில்லை. ஒரு படம் எடுத்து இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும்.